பால்வாடியா, எல்.கே.ஜி.யா, இன்னும் ஒரு வருஷம் வீடா?

சித்திரை பிறந்தால் போதும், மூன்று வயதுக் குழந்தை இருக்கும் கொங்கு வீடுகளில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். பெரிய பள்ளியின் வேன் தோட்டத்து வாசல் வரைக்கும் வருகிறதாம். ஊர் பால்வாடி டீச்சர் நல்ல மாதிரியாம். "இந்த வயசுல என்னத்துக்குங்க பள்ளிக்கூடம், ஒரு வருசம் எங்ககூட இருக்கட்டும்" என்பது அம்மிச்சியின் (அம்மாவைப் பெற்றவர்) கட்சி. கடைசியில் கட்டணம், தூரம், இங்கிலீஷ் மூன்றையும் வைத்து முடிவு எடுக்கப்படும். அங்கே போய்க் குழந்தை அழுதால் யார் தூக்குவார்கள், இன்னொரு குழந்தையைக் கடித்துவிட்டால் யார் என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மூன்று வயதில் படிப்பு என்று ஒன்று உண்டென்றால் அது பெரும்பாலும் இதுதான்: அழுகையிலிருந்து மீள்வது, காத்திருப்பது, கேட்டு வாங்குவது, கோபத்தைக் கையால் காட்டாமல் வாயால் சொல்வது.

எந்த வகை இடம் உசத்தி என்று பொதுவாகச் சொல்ல முடியாது. வீட்டில் குழந்தைக்கு எது குறைவோ அதைத் தரும் இடம்தான் அந்தக் குழந்தைக்கு நல்ல இடம். காங்கயம், தாராபுரம் பக்கத்துத் தோட்டத்துச் சாலையில், அதாவது தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் வீட்டில், வளரும் குழந்தையைப் பாருங்கள். பக்கத்து வீடு அரை கிலோமீட்டர் தள்ளி. அப்பாரு (தாத்தா), ஆத்தா (பாட்டி), அப்பா, அம்மா என்று நாலு பெரியவர்களுக்கு நடுவே ஒரே குழந்தை. கேட்கும் முன்பே எல்லாம் கைக்கு வந்துவிடும். திருப்பூரில் லைன் வீட்டில் வளரும் குழந்தை நேர் எதிர். ஒரே வாசலில் பத்துப் பிள்ளைகள், சண்டைக்கும் சிநேகிதத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் அப்பா, அம்மா இரண்டு பேரும் பனியன் கம்பெனியில். ராத்திரி வரும்போது பேசத் தெம்பிருக்காது. முதல் குழந்தைக்குச் சம வயதுப் பிள்ளைகள் வேண்டும். இரண்டாவது குழந்தைக்கு, நிதானமாகக் காது கொடுக்கும் ஒரு பெரியவர் வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே பள்ளியைச் சிபாரிசு செய்வது சரியாக வராது.

இந்த வயதில் மண்டைக்குள் நடப்பது

மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932-ல் வெளியிட்ட வகைப்பாடு இன்றைக்கும் பயன்படுகிறது. சின்னக் குழந்தை முதலில் தனியாக விளையாடும், பிறகு மற்றவர்களை வேடிக்கை பார்க்கும், பிறகு இன்னொரு குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அதே விளையாட்டைத் தன்பாட்டுக்கு விளையாடும், பிறகு பொருளையும் பேச்சையும் பரிமாறும். ஒரே திட்டத்தோடு சேர்ந்து விளையாடுவது ("நீ கடைக்காரன், நான் வாங்க வர்றேன்") கடைசியில், ஏறக்குறைய நாலு வயதுக்கு மேல்தான் வலுப்படும். ஆகவே "மத்த புள்ளைங்களோட சேரவே மாட்டேங்குது" என்று மூன்று வயதில் பதறத் தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தனியாக மண் அள்ளுவதும் சேருவதில் ஒரு கட்டம்தான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தன் மனதில் இருப்பது வேறு, அடுத்தவர் மனதில் இருப்பது வேறு என்ற புரிதல் நாலு வயதையொட்டித்தான் நிலைக்கிறது. விம்மர், பெர்னர் இருவரும் 1983-ல் இதைச் சோதித்தார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓரிடத்தில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அவன் இல்லாதபோது அது இடம் மாற்றப்படுகிறது, திரும்பி வந்ததும் எங்கே தேடுவான் என்று குழந்தைகளைக் கேட்டார்கள். மூன்று வயதுக் குழந்தைகள் இப்போது அது இருக்கும் இடத்தையே காட்டினார்கள். இதைத் தெரிந்துகொண்டால், "அவனுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாரு" என்று மூன்று வயதுப் பொடுசிடம் சொல்வது ஏன் எடுபடுவதில்லை என்பது விளங்கும். கண்ணுக்குத் தெரிவதைச் சொன்னால் எடுபடும்: "பாரு கண்ணு, அழறான். கையில வலிக்குது."

ஒரு மூன்று சக்கர சைக்கிளுக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்ளும் இடத்தில் எந்தப் பள்ளியின் தரமும் தெரிந்துவிடும். வேலை தெரிந்த ஆசிரியர் தூரத்திலிருந்து கத்தமாட்டார். நடந்து வந்து, குழந்தையின் கண் உயரத்துக்கு உட்கார்ந்து, ஓங்கிய கையை மெதுவாகப் பிடிப்பார். அடிபட்ட குழந்தையை முதலில் கவனிப்பார், ஏனென்றால் அடித்த குழந்தைக்கு முதலில் கவனம் கிடைத்தால், அடித்தால் டீச்சர் வருவார் என்ற கணக்கு அதன் மனதில் பதிந்துவிடும். பிறகு நடந்ததற்குப் பெயர் வைப்பார்: "உனக்கும் சைக்கிள் வேணும். கோவம் வந்திருச்சு. அடிக்கக் கூடாது, வலிக்கும்." அதன் பிறகு சொல்ல வேண்டிய வாக்கியத்தை வாயில் எடுத்துக் கொடுப்பார்: "எனக்கு ஒரு ரவுண்டு தர்றியான்னு கேளு." காத்திருக்க வேண்டிய நேரத்தைக் கண்ணில் காட்டுவார்: "இந்த மரத்தை அவ மூணு சுத்து சுத்தட்டும், அப்புறம் நீ." மூன்று வயதுக்கு 'அஞ்சு நிமிஷம்' என்றால் ஒன்றும் தெரியாது, 'மூணு சுத்து' தெரியும். கட்டாய 'சாரி' வாங்கமாட்டார். அது பெரியவர்களுக்கு நிம்மதி தரும் சொல், குழந்தைக்கு அடிப்பதற்கான கட்டணமாகிவிடும். அடித்துவிட்டு 'சாரி' சொன்னால் கணக்குத் தீர்ந்தது.

வேலை தெரியாத ஆசிரியர் சைக்கிளைப் பிடுங்கி அலமாரிக்கு மேலே வைத்துவிடுவார். சண்டை நின்றுவிடும், இரண்டு பேரும் ஒன்றும் கற்றிருக்கமாட்டார்கள்.

வீடு: அம்மிச்சி, அப்பாரு கையில்

தாத்தா பாட்டி வளர்ப்பைப் பழசு என்று ஒதுக்குவது தவறு. அழும்போது அவசரமில்லாமல் மடியில் வைத்துக்கொள்ள ஒரு ஆள், வீட்டு மொழியில் ஓயாத பேச்சு, ஆட்டுக்குத் தழை போடுவது, கோழிக்குத் தீனி வீசுவது என்று உண்மையான வேலைகள், இவ்வளவையும் எந்த வகுப்பறையும் தராது. மூன்றரை வயது வரை, சில குழந்தைகளுக்கு நாலு வயது வரைகூட, இது நல்ல தேர்வுதான். ஒன்றாம் வகுப்புக்கு முன்னால் எல்.கே.ஜி. கட்டாயம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் ஐந்து வயது முடிந்த குழந்தையை நேராக ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். தனியார் பள்ளியில் இடம் எல்.கே.ஜி.யிலேயே நிரம்பிவிடும் என்பது வேறு கவலை, அதைக் குழந்தை வளர்ச்சியோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. விளையாட்டில் பெரியவர்கள் வேண்டுமென்றே தோற்றுப்போவார்கள், பொம்மையைக் கேட்டதும் கொடுத்துவிடுவார்கள். குழந்தைக்கு மறுப்பும் காத்திருத்தலும் பழகவே வழியில்லை. அதைவிடப் பெரிய குறை செல்போன். சோறு ஊட்டப் போன், ஆத்தா டி.வி. பார்க்கும்போது கூடவே டி.வி. மூன்று, நாலு வயதுக்கு உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது 2019-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டல். மூன்று வேளை ஊட்டும்போது போன் கொடுத்தாலே அந்த ஒரு மணி தீர்ந்துபோகும்.

வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடிவு செய்தால் ஒரு ஏற்பாடு அவசியம்: வாரத்தில் இரண்டு மூன்று நாள், அதே இரண்டு மூன்று பிள்ளைகளோடு, ஒன்றரை மணி நேரம் விளையாட்டு. ஒவ்வொரு முறையும் புதுப்புது பிள்ளைகள் என்றால் பயனில்லை, ஏனென்றால் சண்டை போட்டு மறுபடி சேரும் அனுபவம் பழகிய முகத்தோடுதான் வரும். இடம் மாரியம்மன் கோயில் திடலாக இருக்கலாம், களமாக இருக்கலாம். மண், தண்ணீர், பழைய பாத்திரம் இருந்தால் போதும். ஒறம்பரை (சொந்தக்காரர்) வீட்டு விசேஷத்துக்கு அழைத்துப் போவது இதற்கு ஈடாகாது. அங்கே குழந்தை கை மாறிக் கை மாறிக் கொஞ்சப்படும், யாரோடும் விளையாடாது.

பால்வாடி

பால்வாடி என்று நாம் சொல்லும் அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் 54,000 மையங்களுக்கு மேல் இருக்கின்றன. 'சோறு போடும் இடம்' என்று பெயர் வாங்கிவிட்டதால், மன வளர்ச்சிக்கு அங்கே என்னென்ன தானாகவே அமைந்திருக்கிறது என்பது கண்ணில் படுவதில்லை.

முதலாவது, கலந்த வயது. இரண்டரை வயதுப் பொடுசும் ஐந்தை நெருங்கும் பிள்ளையும் ஒரே அறையில். நாலரை வயதுக்காரி சின்னவனுக்குச் செருப்பு மாட்டிவிடுவாள், தட்டை நகர்த்திக் கொடுப்பாள். பொறுப்பும் இரக்கமும் பாடமாக இல்லாமல் வேலையாக வரும். ஒரே பிள்ளையாக வளரும் குழந்தைக்கு அண்ணன், அக்கா, தம்பி, தங்கை எல்லாம் இங்கேதான் கிடைப்பார்கள். இரண்டாவது, வீட்டு மொழி. கோபம், பயம், ஏக்கம், வெட்கம் என்று உள்ளே இருப்பதைச் சொல்லச் சொல் தேடும் வயதில், தெரிந்த மொழியிலேயே டீச்சரிடம் சொல்ல முடிகிறது. மூன்றாவது, தூரம் குறைவு: நடந்து போய் விடலாம், அழுகை நிற்காத நாளில் பத்து நிமிடத்தில் ஆள் வந்துவிடலாம். நாலாவது, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் பாயில் தூங்குவது. தனியார் எல்.கே.ஜி.க்களில் பெரும்பாலும் இந்தத் தூக்கம் கிடையாது. ஐந்தாவது, அதே டீச்சர் அதே ஊரில் பல வருடம் இருப்பது.

இன்னொரு சௌகரியமும் உண்டு. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். பேச்சுத் தாமதம், காது கேளாமை, ஆட்டிசம் சார்ந்த அறிகுறிகள் கண்ணில் பட்டால், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். தனியார் பிளே ஸ்கூல் குழந்தைக்கு இந்தப் பார்வை தானாகக் கிடைக்காது.

இனிக் குறைகள். காகிதத்தில் இரண்டு பேர், பணியாளரும் உதவியாளரும். உதவியாளர் அடுப்பில் இருப்பார், பணியாளர் பதிவேடு, எடை, கணக்கெடுப்பு, செல்போன் செயலி என்று அலைவார். காலை பத்து முதல் பதினொன்றரை வரை பிள்ளைகளுக்கென்று ஒரு முழு ஆள் இருக்கிறாரா என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது. பணியிடம் காலியாக இருந்து, பக்கத்து ஊர் டீச்சர் கூடுதல் பொறுப்பில் இரண்டு மையம் பார்க்கிறார் என்றால், அந்த வருடம் அந்த மையத்தைத் தவிர்ப்பது நல்லது. இரண்டாவது, விளையாட்டுச் சாமான் பீரோவில் பூட்டியிருக்கும். உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம் காரணம். சாமான் இல்லாத அறையில் பிள்ளைகளை உட்கார வைத்து 'கை கட்டு, வாய் பொத்து' என்பதைத் தவிர வழியிருக்காது. இதற்குச் சண்டை வேண்டாம். மரக்கட்டைகள், பழைய டப்பாக்கள், சின்னச் சொப்பு இரண்டு செட், இதை நாலு பெற்றோர் சேர்ந்து வாங்கிக் கொடுத்து, "உடைஞ்சா பரவால்லைங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டால் பல இடங்களில் பீரோ திறந்துவிடும். எதை வாங்கினாலும் ஒரே மாதிரி இரண்டாக வாங்குங்கள். இந்த வயதில் பாதிச் சண்டை ஒற்றைப் பொருளால் வருவது.

நிலம் உள்ள குடும்பங்கள் பால்வாடியைத் தவிர்ப்பதற்குப் பாடமோ கட்டடமோ எப்போதும் காரணமல்ல. யார் வீட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற பழைய கணக்கு உள்ளே ஓடும். அதைத் தூரம் என்றும் சுத்தம் என்றும் வேறு பெயரில் சொல்வார்கள். சுத்தம் உண்மையிலேயே கவலை என்றால் கழிப்பறையைப் போய்ப் பார்த்துவிடலாம்.

அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்திலிருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022-ல் நிறுத்தப்போவதாகப் பேச்சு எழுந்து, பிறகு தொடரும் என்று அரசு அறிவித்தது. உங்கள் ஊரில் அது இருந்தால், ஆசிரியர் வருடா வருடம் மாறுகிறாரா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். பால்வாடியிலிருந்து அதே வளாகத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் போவதால் குழந்தைக்கு இடமாற்றப் பயம் குறைவு.

தனியார் எல்.கே.ஜி.

ஒரே வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர், தினமும் ஒரே வரிசையில் நடக்கும் நாள், மிஸ்ஸும் ஆயாவும் என்று வகுப்புக்கு இரண்டு பேர், பூட்டிய கேட், அதே சிநேகிதர்களோடு பல வருடம் போகும் வாய்ப்பு. தோட்டத்துக் குழந்தைக்கு இவை நிஜமான லாபம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்குக் கீழே இருந்து, பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால், 2009-ன் கல்வி உரிமைச் சட்டப்படி 25 சதவீத இடத்தில் எல்.கே.ஜி.க்கு விண்ணப்பிக்கலாம்.

ஆனால் முதலில் தூக்கக் கணக்கைப் போடுங்கள். மூன்று, நாலு வயதுக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். வேன் ஏழரைக்கு வருகிறது என்றால் ஆறேகாலுக்கு எழுப்ப வேண்டும். அம்மா கம்பெனியிலிருந்து ஒன்பது மணிக்கு வந்து, சாப்பிட்டு, குழந்தை பத்தரைக்குத் தூங்கினால் கிடைப்பது ஏழே முக்கால் மணி நேரம். பள்ளியில் பகல் தூக்கமும் இல்லை. 'பதினொரு மணிக்கு மேல பிடிவாதம், அடிக்கிறான்' என்று டைரியில் எழுதி வரும் குழந்தைகளில் பலருக்குப் பிரச்சினை குணத்தில் இல்லை, தூக்கத்தில். வேனில் ஒரு பக்கம் அரை மணிக்கு மேல் என்றால் இந்த வயதுக்கு வேண்டாம். வேனில் ஆயா இருக்கிறாரா, ஆறாம் வகுப்பு அண்ணன்களோடு ஒரே வேனா என்றும் கேளுங்கள். கேலியும் அடியும் வகுப்பறையைவிட வேனில்தான் அதிகம் நடக்கும். அங்கே டிரைவரின் கண் ரோட்டில் இருக்கிறது.

இரண்டாவது, மொழி. 'மே ஐ கோ டு டாய்லெட், மிஸ்' என்று சொன்னால்தான் அனுப்புவோம் என்ற வகுப்பில், மூன்று வயதுக் குழந்தை அந்த வாக்கியத்தை நினைவுபடுத்துவதற்குள் நனைத்துவிடும். நாலு பேர் சிரித்துவிட்டால் அடுத்த நாளிலிருந்து தண்ணீர் குடிக்காது, அடக்கிக்கொள்ளும், மலச்சிக்கல் வரும், பிறகு பள்ளி என்றாலே வயிற்று வலி. இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கட்டும், அது வேறு விஷயம். ஆனால் சூசூ, பசி, வலி, பயம் நாலையும் எந்த மொழியில் சொன்னாலும் கேட்பார்கள் என்ற உறுதியைச் சேர்க்கும் நாளிலேயே வாங்குங்கள். கொங்கில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் ஏராளம், திருப்பூரில் இந்தியும் ஒடியாவும் பேசும் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். அந்த வீட்டுக் குழந்தையின் நாலு அவசரச் சொல்லை ஒரு சீட்டில் எழுதி மிஸ்ஸிடம் கொடுத்துவிடுவது எளிய வழி. சீருடையில் பெல்ட், கொக்கி வேண்டாம். எலாஸ்டிக் டவுசர் என்றால் தானே இறக்கிக்கொள்ளும்.

மூன்றாவது, எழுத்து. நாமக்கல், ராசிபுரம் பக்கம் மார்க்குக்குப் பெயர் போன பள்ளிகளின் நிழல் எல்.கே.ஜி. வரை நீண்டுவிட்டது. தினமும் இரண்டு பக்கம் காப்பி எழுதும் வகுப்பில் விளையாட்டுக்கு நேரமில்லை, விளையாட்டு இல்லாத இடத்தில் சேர்ந்து வாழப் பழக வாய்ப்பில்லை. அமெரிக்காவின் இப்சிலாண்டி நகரில் 1962-ல் தொடங்கிய பெர்ரி முன்பருவப் பள்ளி ஆய்வு இதில் ஒரு பாடம். ஏழைக் குடும்பத்துக் குழந்தைகள் 123 பேரைப் பல பத்தாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். முன்பருவப் பள்ளிக்குப் போனவர்களுக்கு ஆரம்பத்தில் இருந்த அறிவுத் தேர்வு மதிப்பெண் முந்தல் சில வருடங்களில் கரைந்துபோனது. ஆனால் நாற்பது வயதில் பார்த்தபோது வேலையில் இருப்பது, சட்டச் சிக்கலில் மாட்டாமல் இருப்பது இரண்டிலும் அவர்கள் முன்னால் இருந்தார்கள். எழுத்தும் எண்ணும் முந்திக் கற்றதால் இது வந்திருந்தால், மதிப்பெண் முந்தலும் நிலைத்திருக்க வேண்டுமே.

ஆண்டு விழா ஒத்திகை, பிளே ஸ்கூலுக்கும் இதற்கும் பொதுவான சங்கடம். வாரக்கணக்கில் வெயிலில் ஒரே பாட்டு, மேடையில் அழுதால் திட்டு. கூச்சக் குழந்தையைப் பார்வையாளராகவே உட்கார விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும் வேகத்திலேயே பள்ளியின் மனசு தெரியும். வகுப்பில் கேமரா இருக்கிறது, அம்மா போனில் பார்க்கலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். பார்க்கலாம், கண்ணைத் துடைக்க முடியாது.

மற்றவை, சுருக்கமாக

பிளே ஸ்கூலில் நேரம் குறைவு, கூட்டம் குறைவு. 12 பிள்ளைகளுக்கு ஒரு பழகிய ஆசிரியர் இருந்தால், லைன் வீட்டுக் குழந்தைக்குக்கூட அது நல்ல மடி. ஆனால் வருடத்தில் இரண்டு முறை ஆசிரியர் மாறும் இடங்கள் நிறைய. முகம் மாறினால் குழந்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். கோவையில் பெயர்ப்பலகைப் பள்ளியைவிட இரண்டு தெரு தள்ளி வீட்டோடு நடத்தும் சின்ன இடம் சில சமயம் மேல்.

மாண்டிசோரி என்பது குழந்தை தானே சாமானை எடுத்துப் பழகிக் கற்கும் முறை. மாண்டிசோரி அம்மையார் 1907-ல் ரோமில் தொடங்கியது, அவரே 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி கொடுத்தார். அந்தப் பெயர் யாருக்கும் சொந்தமில்லை, எவரும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். மூன்றைச் சோதியுங்கள்: மூன்று முதல் ஆறு வயது ஒரே அறையில் இருக்கிறார்களா, மணி அடித்துக் கலைக்காத இரண்டரை மணி நேர வேலை இருக்கிறதா, ஒவ்வொரு சாமானும் ஒன்றே ஒன்றுதானா. கடைசி விஷயம் கஞ்சத்தனமல்ல. அடுத்தவர் முடித்து வைக்கும் வரை காத்திருக்கப் பழக்கும் ஏற்பாடு. (வழிகாட்டும் ஆள் இல்லாத இடத்துக்கு முன்னே சொன்ன 'இரண்டாக வாங்குங்கள்' பொருந்தும்.) எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று தனித்தனி அறை இருந்தால் பெயர் மட்டும்தான் மாண்டிசோரி.

கம்பெனிக் குழந்தை காப்பகம் திருப்பூர், கரூர்க் குடும்பங்களுக்கு மூன்று வயதுக்கு முன்னால் பெரிய ஆதரவு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம் என்பது 2017-ன் மகப்பேறு சட்டத் திருத்தத்தில் வந்த விதி. அந்த நாலு முறையும் ஒரே நேரங்களில் போனால் குழந்தை எதிர்பார்த்துக் காத்திருக்கப் பழகும். மூன்று வயதுக்கு மேல் அங்கே விளையாட்டு நடத்த ஆள் இல்லை என்றால் இடம் மாற்றுங்கள்.

போய்ப் பார்க்கும் நாள்

அட்மிஷன் நாளில் போகாதீர்கள். ஒரு சாதாரணச் செவ்வாய், புதன் காலை, பிள்ளைகள் வந்து இறங்கும் நேரத்தில் போய் முக்கால் மணி நேரம் ஓரமாக உட்காருங்கள். ஒரு குழந்தை அழுதுகொண்டு வரும். யார் வாங்குகிறார்கள், 'அழுகுற பாப்பாவ யாருக்கும் பிடிக்காது' என்கிறார்களா, 'அம்மா போயிட்டாங்கன்னு வருத்தம், சாப்பாட்டுக்கு அப்புறம் வந்துருவாங்க' என்கிறார்களா என்று கவனியுங்கள். மூலையில் சத்தமில்லாமல் இருக்கும் ஒரு குழந்தையைத் தேர்ந்துகொண்டு, அதன் பெயரைச் சொல்லி யாராவது ஒரு முறையாவது பேசுகிறார்களா என்று பாருங்கள். சேட்டைக்காரனை எல்லாப் பள்ளியும் கவனிக்கும், அமைதியான குழந்தையைக் கவனிப்பது நல்ல பள்ளி மட்டும்தான்.

தலையை எண்ணுங்கள். 2013-ன் தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை, மூன்று முதல் ஆறு வயதுக்கு 20 பேருக்கு ஒரு பெரியவர், மூன்றுக்குக் கீழே 10 பேருக்கு ஒருவர், ஒரு நாளில் மூன்று நாலு மணி நேரம் என்கிறது. எண்ணும்போது அடுப்படி ஆளையும் ஆபீஸ் ஆளையும் சேர்க்காதீர்கள். பிறகு மூன்று கேள்வி: "ஒரு குழந்தை கடிச்சா என்னங்க பண்ணுவீங்க?", "போன வருசம் இருந்த மிஸ் இப்பவும் இருக்காங்களா?", "முதல் வாரம் நாங்க கூட உக்காரலாமுங்களா?" கடிக்கும் கேள்விக்கு 'எங்ககிட்ட அப்படியெல்லாம் நடக்காதுங்க' என்று பதில் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். இருபது பொடுசுகள் உள்ள எந்த அறையிலும் அது நடக்கும். நடக்காது என்பவர் பார்க்கவில்லை, அல்லது மறைக்கிறார்.

எந்தக் குழந்தைக்கு எது

தோட்டத்துச் சாலையில் ஒற்றைப் பிள்ளை, ஊர் பால்வாடியில் டீச்சர் நிரந்தரமாக இருக்கிறார் என்றால், மூன்று வயதில் பால்வாடி, நாலில் வேண்டுமானால் பள்ளி. மிக நல்ல எல்.கே.ஜி. பத்து நிமிடத்தில் இருந்தாலொழிய மூன்று வயதிலேயே வேனில் ஏற்ற வேண்டியதில்லை. லைன் வீட்டுக் குழந்தைக்கு, பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவாகவும் ஆள் நிலையாகவும் இருக்கும் எந்த இடமும் சரி. 40 பேர் உள்ள எல்.கே.ஜி. அதற்கு இன்னொரு லைன் வீடுதான். மிகக் கூச்சமான குழந்தைக்குக் கலந்த வயது நல்லது, சின்னவர்களோடு முதலில் துணிவு வரும். கை ஓங்கும், ஓரிடத்தில் நிற்காத குழந்தைக்கு, வெளியே ஓட மண்தரை இருக்கும் இடம். பெஞ்சு போட்ட மாடி வகுப்பில் அதற்கு நாள் முழுக்கத் திட்டு மட்டும் கிடைக்கும். வீட்டில் புதுக் குழந்தை பிறக்கப் போகிறது என்றால், பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்னாலோ, பிறந்து மூன்று மாதம் கழித்தோ சேருங்கள். அதே வாரத்தில் சேர்த்தால், தம்பி வந்ததால் துரத்திவிட்டார்கள் என்றுதான் அதற்குத் தோன்றும்.

முதல் மூன்று வாரம்

முதல் இரண்டு நாள் ஒரு மணி நேரம், நீங்களும் உள்ளே. மூன்றாம் நாள் சொல்லிவிட்டுப் பதினைந்து நிமிடம் வெளியே போய்த் திரும்புங்கள். திரும்புகிறீர்கள் என்பதுதான் அன்றைய பாடம். பிறகு அரை நாள், இரண்டாம் வாரக் கடைசியில் சாப்பாடு வரை, மூன்றாம் வாரத்தில் முழு நேரம். விடைபெறுவது ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும்: ஒரு முத்தம், ஒரே வாக்கியம், திரும்பிப் பார்க்காமல் நடை.

கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, விளையாட்டு காட்டிவிட்டு நைசாக நழுவுவது. அன்றைக்கு அழுகை இருக்காது, அடுத்த நாளிலிருந்து வீட்டில் குளியலறைக்குப் போனாலும் பின்னாலேயே வரும், எப்போது மறைவீர்கள் என்று அதற்குத் தெரியாதே. இரண்டு, "சாப்பிடலீன்னா மிஸ்கிட்ட சொல்லிருவேன்" என்ற மிரட்டல். அழுதால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டிய ஆளைப் பூச்சாண்டியாக்கிவிட்டுக் காலையில் அவரிடமே கொடுத்தால் குழந்தை எப்படிப் போகும்?

திங்கட்கிழமைகளிலும், பொங்கல், தீபாவளி விடுமுறை முடிந்த வாரத்திலும் அழுகை திரும்ப வரும். அது பின்னடைவு அல்ல, மூன்று நாளில் அடங்கும். ஆறு வாரம் தாண்டியும் நீங்கள் போன பிறகு அரை மணிக்கு மேல் அழுகிறது, ராத்திரி தூக்கத்தில் அலறுகிறது, நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி வருகிறது, குறிப்பிட்ட ஒருவர் பெயரைச் சொன்னாலே ஒடுங்குகிறது என்றால் பழகிவிடும் என்று விடாதீர்கள். கட்டிய பணத்தைப் பார்க்காமல் இடம் மாற்றுங்கள். கடைசியாகச் சொன்னது இருந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு விசாரியுங்கள். வீட்டில் வாய் ஓயாமல் பேசும் குழந்தை, பள்ளியில் முதல் மாதம் கழிந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை என்றால் அது திமிரல்ல. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, விரல் நீட்டிக் காட்டாதது, பாவனை விளையாட்டே இல்லாதது, பேசிய சொற்களை இழப்பது இவற்றில் எது தெரிந்தாலும் பள்ளியை மாற்றிப் பயனில்லை. அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே இருக்கிறது என்று கேட்டு அந்த வாரமே அழைத்துப் போங்கள். சிகிச்சைக்குப் பணம் வாங்கமாட்டார்கள்.